குசினி ஷட்டரும் ஒரு கௌரவிப்பு விழாவும்

இதை எழுத முன்வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஊரில் ஓ.எல்., அதாவது பத்தாம் வகுப்புப் பரீட்சை, வரை படித்தவள். கூட்டத்தில் எழுந்து பெயரைச் சொல்லச் சொன்னால் என் பெயரே எனக்கு மறந்துபோகும். சலூனில் தலைமுடியை அரைவாசியாக வெட்டிவிட்டு "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிற ஆள். இப்படிப்பட்டவள் எழுதத் தேவையில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கௌரவிப்பு விழாவைப் பற்றிச் சங்கத்தின் ஆண்டு மலரில் அவர்கள் எழுதியும் விட்டார்கள். பேச்சாளர்கள் அனைவரும் சிறப்பாக உரையாற்ற, விழா இனிதே நிறைவுற்றது என்று படத்தோடு வந்திருக்கிறது. விழா நிறைவுறவில்லை. அன்றைக்குக் குசினித் திறப்பு, அதுதான் சமையலறைச் சாவி, என் கையில் இருந்தபடியால் எனக்குத் தெரியும்.

எங்கள் மண்டபம் லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில் இருக்கிறது. கவுன்சிலுக்குச் சொந்தமான கட்டடம், குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். மேலே விமானம் போகும்போது பேச்சாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு தொடருவார்கள். எங்கள் தலைவர் மட்டும் நிறுத்தமாட்டார். விமானம்தான் விலகிப் போக வேண்டும். வார நாட்களில் நான் விடிய முன்பே எழும்பி விமானச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிற இடத்தில் ஷிப்ட் செய்வேன். சனிக்கிழமைகளில் மண்டபத்தில் தமிழ் வகுப்பும் டியூசனும் நடக்கும். ஆசிரியர்களுக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றுவது என் வேலை. சம்பளம் இல்லாத வேலை. ஆனால் குசினிக்குள் நின்றால் யாரோடும் பேசத் தேவையில்லை என்பதால் அதை விரும்பிச் செய்தேன்.

குசினிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை உண்டு. அதைச் சனிக்கிழமைகளில் தங்களுக்குத் தர முடியுமா என்று ஒரு குழு கேட்டு வந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடாமல் இருக்க, அவர்களுடைய சமூகத்துப் பெரியவர்களே துணையாக இருக்கிற குழு அது. ஒரு தாதி, ஒரு முடிதிருத்துகிறவர், ஒரு பஸ் சாரதி என்று ஐந்தாறு பேர். மென்டர்கள், வழிகாட்டிகள் என்று தங்களைச் சொன்னார்கள்.

எங்கள் நிர்வாகக் குழு இதைப்பற்றி நீண்ட நேரம் விவாதித்தது. நான் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே போய்வந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"என்ன பாடம் படிப்பிக்கப் போகினம்?" என்று தலைவர் கேட்டார்.

"பாடம் ஒண்டும் இல்லையாம் அண்ணை. பிள்ளையளோடை இருந்து கதைக்கிறதாம்," என்றார் செயலாளர்.

"கதைக்கிறதோ? கதைச்சு எவன்ரா டொக்டராய் வந்தவன்?"

"பள்ளிக்கூடத்திலை மீட்டிங் எண்டால் பிள்ளைக்குப் பக்கத்திலை போய் இருப்பினமாம்."

"எங்கடை பிள்ளையளுக்கு உதெல்லாம் தேவையில்லை. டியூசன் இருக்கு."

அறையைக் கொடுக்கத்தான் முடிவு செய்தார்கள். ஆனால் முன்னெச்சரிக்கையாக குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு பூட்டு, மிருதங்கம் இருக்கும் அலுமாரிக்கு ஒரு பூட்டு, பாத்திர அலுமாரிக்கு ஒரு பூட்டு என்று வாங்கினார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களையும் அவர்களையும் கலந்து வரிசையாக நிற்க வைத்தால், நிறத்தை வைத்து யார் எந்தப் பக்கம் என்று சொல்வது கஷ்டம். அதையும் யாரும் சொல்லவில்லை. அந்த வருடம் மண்டபத்திலிருந்து காணாமற்போனது ஒரே ஒரு பெரிய அகப்பை. அது தலைவர் வீட்டுப் பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் பாயாசத்துக்குள் நின்றது.

அந்தக் குழுவில் இருந்த பஸ் சாரதியை எனக்கு முன்பே முகத்தால் தெரியும். காலையில் நான் ஷிப்டுக்கு ஓடுகிற பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர். வயது என்னைப் போல. பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். நான் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்தால் கதவைத் திறந்தபடி காத்திருப்பார். நன்றி சொல்ல வாய் வராமல், நான் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு ஏறுவேன். மண்டபத்துக் குசினியில் என்னைக் கண்டதும், "ஓ, ஓடுகிற அம்மா!" என்று சிரித்தார். அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். எனக்கு வந்த தமிழில் தருகிறேன். அதன் பிறகு சனிக்கிழமைகளில் பிளேன்ரீ அவர்களுக்கும் போயிற்று. அதற்கு நிர்வாகக் குழுவிடம் நான் அனுமதி கேட்கவில்லை. கேட்பதற்கும் வாய் திறக்க வேண்டுமே.

குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள இரும்பு ஷட்டரைப் போல, அந்தச் சிறிய அறைக்கும் ஒரு பரிமாறும் யன்னல் இருந்தது. அதனால் அவர்கள் செய்வதெல்லாம் எனக்குத் தெரிந்தது. உண்மையிலேயே அவர்கள் பாடம் நடத்தவில்லை. கதிரைகளை எதிரெதிராகப் போடாமல் பக்கத்துப் பக்கத்தில் போட்டார்கள். வீட்டுவேலையோடு வந்த பிள்ளை அதைச் செய்தது. கோபத்தோடு வந்த பிள்ளை முதலில் கோபப்பட்டது. எங்கள் டியூசன் வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதி இருக்கும். பெற்றோர் வெளியில் காரில் காவல் இருப்பார்கள். இவர்கள் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதை வைத்தே அங்கே படிப்பு நடக்கவில்லை என்று எங்கள் பெற்றோர் முடிவு கட்டினார்கள்.

பஸ் சாரதியின் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண்பிள்ளை. தாய் கானாவிலிருந்து வந்தவர். விமான நிலையத்தில் பாதுகாப்புப் பரிசோதனையில் ஷிப்ட் வேலை. பிள்ளைக்கு விமான இயந்திரம் படிக்க ஆசை. தலைக்கு மேலே போகிற விமானத்தைச் சத்தத்தை வைத்தே என்ன வகை என்று சொல்லுவாள். நான் சரிபார்த்ததில்லை. ஆனால் தலைவரின் பேச்சைவிட நம்பிக்கையாகச் சொன்னாள்.

அவளுக்கு வந்த பிரச்சினையை நான் விளக்க வேண்டும். கணக்குப் பரீட்சைக்கு இங்கே இரண்டு தாள் உண்டு: மேல் தாள், கீழ் தாள். கீழ் தாளில் எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதினாலும் ஒன்பதில் ஐந்துக்கு மேலே போக ஏலாது. ஐந்தை வைத்துக்கொண்டு மேல் வகுப்பில் கணக்குப் படிக்க விடமாட்டார்கள். கணக்கு இல்லாமல் விமான இயந்திரம் இல்லை. இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் மேல் தாளிலிருந்து கீழ் தாளுக்கு இறக்கியிருந்தது. காரணம், மாதிரிப் பரீட்சையில் புள்ளி குறைவு. புள்ளி குறைந்ததற்குக் காரணம், வகுப்பில் "ஏன்" என்று திருப்பித் திருப்பிக் கேட்டது மரியாதைக் குறைவு என்று அவளைப் பல தடவை வெளியே தனி அறையில் இருத்தியது. தனி அறையில் என்ன படித்தாளோ, அதைப் பரீட்சையில் கேட்கவில்லை.

என் மகனுக்கும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அதே புள்ளிதான் வந்தது. யாரும் இறக்கவில்லை. "உங்கள் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள், எழும்பிவிடுவான்," என்று ஆசிரியர் என்னிடம் சொன்னார். அவனுடைய தகப்பனும் நானும் கணக்கில் எப்படி என்று அவர் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே அவர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டார்.

பிள்ளை முதலில் தனியாகப் போய்ப் பள்ளிக்கூடத்து உப அதிபரோடு, துணைத் தலைமையாசிரியரோடு, கதைத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் "ஓகே" சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதிருக்கிறாள். அந்தச் சலூன் கதை எனக்குத் தெரிந்த கதை. பஸ் சாரதி இன்னொரு மீட்டிங் கேட்டார். கடைசியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நாலரைக்கு நேரம் கொடுத்தார்கள். அடுத்த நாள் காலை பெயர்கள் பரீட்சைச் சபைக்குப் போய்விடும். தாய்க்கு அன்று ஷிப்டிலிருந்து வர முடியாது. அதனால் தன் இடத்தில் பஸ் சாரதி வருவார் என்று அவர் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவைத்தார்.

அதற்கு முந்திய சனிக்கிழமை அறையில் ஒத்திகை நடந்தது. பஸ் சாரதி யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, ஐந்து நிமிடம் வாருங்கள். நீங்கள்தான் உப அதிபர்."

"எனக்கு... பேச வராது," என்றேன்.

"பேச வேண்டாம். இப்போது வைத்திருக்கிற முகத்தை அப்படியே வைத்திருங்கள், போதும்."

எதிரே இருத்தினார்கள். கையில் வடைத் தட்டு. பிள்ளை நேராக நிமிர்ந்து, தனக்கு மேல் தாள் வேண்டும், ஏன் வேண்டும், இனி என்ன செய்யப் போகிறேன் என்று அழகாகச் சொன்னாள். நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பேசவில்லை. "ஓகே மிஸ், பரவாயில்லை," என்று எழும்பிவிட்டாள்.

"ஏன் எழும்பினாய்?" என்றார் பஸ் சாரதி.

"அவங்க ஒன்றும் சொல்லவில்லையே."

"அப்படியென்றால் பதில் இன்னும் வரவில்லை. ஸ்டொப்பில் நிற்கிறாய், பஸ் வரவில்லை, வீட்டுக்குப் போய்விடுவாயா? பதில் வரும்வரை கதிரையை விட்டு எழும்பாதே. நான் பக்கத்தில் இருப்பேன். நானும் எழும்பமாட்டேன்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்கள் எங்கள் உப அதிபரைவிடப் பயங்கரம்," என்றாள். அவர்களும் எங்களைப் போலத்தான், மூத்த பெண் எல்லோருக்கும் ஆன்ட்டி. நான் சிரித்துவிட்டேன். உப அதிபர் வேலை அத்தோடு போயிற்று.

இந்த நேரத்தில்தான் எங்கள் சங்கத்துக்கு ஞானம் பிறந்தது. மண்டபக் குத்தகை புதுப்பிக்க வேண்டிய காலம். பிற சமூகத்தாருக்கு மண்டபம் எப்படிப் பயன்படுகிறது என்று கவுன்சில் கேட்டிருந்தது. செயலாளர் அந்தச் சிறிய அறையை நினைத்துக்கொண்டார். பூட்டுகள் ஒரே நாளில் கழன்றன. 'வழிகாட்டிகளுக்குக் கௌரவிப்பு விழா' என்று பதாகை அடித்தார்கள். மேயருக்கு நேரம் இருந்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம்தான். அதே வியாழக்கிழமை.

பஸ் சாரதி செயலாளரிடம் வந்து, தான் நாலரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். செயலாளர் நெஞ்சில் கைவைத்து ஆங்கிலத்தில் உறுதி கொடுத்தார். இரண்டு மணிக்குத் தொடக்கம், மூன்றரைக்கு முடிவு. கூடவே ஒரு வேண்டுகோள்: எங்கள் பண்பாட்டில் மேடையிலிருந்து நடுவில் எழுந்து போவது பெரிய அவமரியாதை, தயவுசெய்து அப்படிச் செய்துவிட வேண்டாம். அவர் சரி என்றார். பண்பாடு என்று சொன்னால் நல்ல மனிதர்கள் பயப்படுவார்கள்.

நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் விழா எதுவும் முடியவேண்டிய நேரத்துக்குத் தொடங்கியதுகூட இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பதாகையை நேராக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு மங்கல விளக்கு. விளக்கேற்ற ஏழு பேரை அழைத்தார்கள். ஐந்து திரிதான் இருந்தது, அதனால் இரண்டு பேர் ஏற்றிய திரியையே திரும்ப ஏற்றினார்கள். இறந்தவர்களுக்கு அகவணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்பு நடனம், வரவேற்புரை. வரவேற்புரை ஆற்றியவரை வரவேற்று ஒரு சிறு உரை. மேயர் கழுத்தில் தங்கச் சங்கிலியோடு முன்வரிசையில் சிரித்தபடி இருந்தார். கௌரவிக்கப்பட வேண்டிய மென்டர்களை மேடையில் இரண்டாம் வரிசையில், தலைவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். பஸ் சாரதி வேலை முடிந்து நேராக வந்ததால் சாரதி ஜாக்கெட்டோடு இருந்தார்.

பிள்ளை பள்ளிக்கூட யூனிபோமோடு வந்து குசினி வாசலில் நின்றாள். இங்கிருந்து இருவரும் ஒன்றாகப் போவதாக ஏற்பாடு. காரில் பத்து நிமிடத்துக்குமேல் ஆகும். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு வடையை எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்திருந்தாள், சாப்பிடவில்லை.

தலைவர் பேசத் தொடங்கினார். வழிகாட்டிகளைப் பற்றி ஒரு வசனம் சொன்னார். அதன்பிறகு எங்கள் சமூகத்தின் கல்விப் பெருமைக்குப் போனார். எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் டொக்டர், எத்தனை பேர் எஞ்சினியர், நாங்கள் எப்படி வெறுங்கையோடு வந்தோம், யாருடைய உதவியும் இல்லாமல் எப்படி முன்னேறினோம். உதவி செய்தவர்களைக் கௌரவிக்கிற மேடையில், அவர்களைப் பின்னால் இருத்தி வைத்துக்கொண்டு, உதவியே தேவையில்லாதவர்கள் நாங்கள் என்று அவர் ஒரு விமானமும் இன்னொரு விமானமும் போகும்வரை பேசினார்.

பஸ் சாரதி கதிரையிலிருந்து கொஞ்சம் எழும்பினார். மேடை ஓரத்தில் நின்ற செயலாளர் கையைக் கீழே அமத்தி, ஐந்து விரலையும் காட்டினார். ஐந்து நிமிடம். அவர் இருந்தார். இன்னும் கொஞ்சத்தில் மறுபடி எழும்பினார். மறுபடி ஐந்து விரல்.

நிகழ்ச்சி நிரலைக் குசினிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மேயருக்குப் பொன்னாடை. மேயர் உரை. தலைவருக்குப் பொன்னாடை. விழாவுக்குப் பணம் கொடுத்த அனுசரணையாளர்களுக்குப் பொன்னாடை. அனுசரணையாளர் சார்பில் உரை. கடைசியில் வழிகாட்டிகளுக்குப் பொன்னாடை. நன்றியுரை. பிறகு விருந்துபசாரம். மணி நாலைத் தாண்டிவிட்டது.

"ஆன்ட்டி, நான் தனியாகப் போகவா?" என்று பிள்ளை கேட்டாள். அந்த "ஓகே மிஸ்" குரல்.

எனக்கு ஒலிவாங்கிக்குப் போகத் தெரியாது. செயலாளரிடம் போய் வாதாடத் தெரியாது. இருபது வருடமாக எங்கள் விழாக்களின் பின்பக்கத்தில் நின்றதால் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் ஆட்களைத் தலைவரால் இருத்த முடியும், மேயரால் இருத்த முடியும், சாப்பாடு திறந்த பிறகு ஒருவராலும் இருத்த முடியாது. அதனால்தான் நன்றியுரை முடியும்வரை ஷட்டரைத் திறக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானமே இருக்கிறது.

நான் ஷட்டரைத் தூக்கினேன்.

அதற்கு எண்ணெய் போட்டு எத்தனையோ காலம். அது போட்ட சத்தத்தில் தலைவரே முதன்முறையாகப் பேச்சை நிறுத்தினார், விமானம் என்று நினைத்தாரோ தெரியாது. நான் கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியின் மூடியை எடுத்தேன். தேங்காய்ப்பால் சொதிச் சட்டியின் மூடியை எடுத்தேன். பொரித்த ரோல்ஸ் தட்டுகளை முன்னுக்குத் தள்ளினேன். சாப்பாட்டுக் கோப்பை அடுக்கைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

மூன்றாம் வரிசையில் ஒரு ஐயா முதலில் எழும்பினார். "எனக்குச் சுகர் இருக்கு, நேரத்துக்குச் சாப்பிட வேணும்," என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி. அதற்குப் பிறகு யாரும் விளக்கம் சொல்லவில்லை. கதிரைகள் இழுபட்ட சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அன்பார்ந்தவர்களே, தயவுசெய்து அமருங்கள், இன்னும் சில நிமிடங்களில்..." என்றார் தலைவர்.

"நீங்கள் பேசுங்கோ அண்ணை, எங்களுக்குக் கேக்குது!" என்று வரிசையிலிருந்து ஒருவர் இடியப்பம் வாங்கியபடி குரல் கொடுத்தார்.

மேயரும் எழும்பி வந்து வரிசையில் நின்றார். அவர் வந்ததே ரோல்ஸுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. செயலாளர் ஓடி வந்தார்.

"அக்கா! ஆர் திறக்கச் சொன்னது?"

"சாப்பாடு ஆறுது தம்பி," என்றேன். அந்த வருடம் நான் அவரிடம் சொன்ன மிக நீண்ட வசனம் அது.

மேடையில் இப்போது பார்வையாளர் இல்லை. பார்வையாளர் இல்லாத இடத்தில் அவமரியாதையும் இல்லை. பஸ் சாரதி இறங்கி வந்து, பிள்ளையின் தோளில் கைவைத்து, பின்கதவால் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். போகும்போது ஷட்டர் வழியாக என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சொதி ஊற்றினேன்.

செயலாளருக்கு அப்போதுதான் நினைவு வந்தது, கவுன்சிலுக்கு அனுப்பப் படம் இல்லை என்று. ஒரு பொன்னாடையையும் படப்பிடிப்பாளரையும் இழுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார். ஸ்டார்ட் பண்ணின காரின் கதவைத் திறந்து, சாரதி ஜாக்கெட்டின் மேலே பொன்னாடையைப் போர்த்தி, சிரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார். மலரில் வந்திருப்பது அந்தப் படம்தான். உற்றுப் பார்த்தால் பின்னால் சீட் பெல்ட் தெரியும். பக்கத்தில் பிள்ளையின் முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.

பொன்னாடையைக் கழற்ற நேரம் இல்லாமல் அவர் அதோடேயே மீட்டிங்குக்குப் போய்விட்டார். அன்றிரவு போனில் எனக்குச் சொன்னார். பிள்ளை சொல்ல வேண்டியதைச் சொன்னாளாம். உப அதிபர் பேசவில்லையாம். பிள்ளை எழும்பவில்லை. இவரும் எழும்பவில்லை. உப அதிபர் இடையிடையே அந்தச் சரிகைக் கரையைப் பார்த்து, இது என்ன பதவிக்குரிய உடை என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். வெளியே துப்புரவு செய்கிறவர் வந்து கதவைத் தட்டும்வரை மூவரும் அப்படியே இருந்தார்களாம். கடைசியில், "காலையில் சொல்கிறேன்," என்றாராம்.

"அது பதிலா?" என்று கேட்டேன்.

"பஸ் வருகிறது என்று போர்டில் போட்டிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை," என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை இடைவேளையில் பள்ளிக்கூடத்திலிருந்து தாய்க்குப் போன் வந்தது. பிள்ளையின் பெயர் மேல் தாளுக்குப் போயிற்று. பின்னேரம் செயலாளர் என் வீட்டுக்கு வந்து குசினித் திறப்பை வாங்கிக்கொண்டு போனார்.